அத்தை வாங்கிய படகு

என் அத்தையிடம் முதல் பார்வையிலேயே நல்ல பெயர் வாங்கியவர்கள் யாரும் கிடையாது. மனிதர்கள் மட்டுமல்ல. மாடு, குடை, ரேடியோ, ஊருக்குப் புதிதாக வந்த கர்ணம், எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே சோதனைதான். சீண்டிப் பார்ப்பாள். கோபம் வருகிற வரைக்கும் விடமாட்டாள். கோபத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஆள் எப்படி என்று முடிவு கட்டுவாள். சும்மா இருக்கும்போது எல்லாரும் நல்லவர்கள்தான், அதை வைத்து என்ன தெரியும் என்பது அவள் கட்சி.

அப்பாவுக்கு அக்கா. நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள். மாமா முதலில் கறுப்புச் சட்டைக்காரர், பிறகு கறுப்பு சிவப்புக் கரைவேட்டிக்காரர். கட்சி ஆட்சிக்கு வந்ததைப் பார்த்துவிட்டு, அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் விட்டுப்போனது அரை வேலி நஞ்சையும், மலர்க்கொடி என்று அவரே பெயர் வைத்த ஒரே மகளும். நிலத்தில் பாதியை அத்தை சொந்தமாகச் சாகுபடி செய்தாள். மீதி குத்தகையில் இருந்தது.

மாட்டுச் சந்தைக்கு அந்தக் காலத்தில் பெண்கள் வருவது அபூர்வம். அத்தை வருவாள். தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்து ரகசியமாக விலை பேசிக்கொண்டிருக்கும்போது இவள் சத்தம் போட்டு விலை கேட்பாள். ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். நல்ல வாட்டசாட்டமான செவலைக் காளை. அத்தை அதன் வாலை முறுக்கினாள். காதுக்குள் ஊதினாள். பின்னங்காலில் குடைக்காம்பால் குத்தினாள். மாடு இமைகூடக் கொட்டவில்லை.

“பாத்தீங்களாம்மா? புள்ள மாரி நிக்குது” என்றார் தரகர் பெருமையாக.

“எனக்கு வேணாம். எல்லாத்தையும் உள்ள வச்சிக்கிது. என்னைக்காவது சேத்து உழவுல ஆள் கூட இருக்கறப்ப மொத்தமாக் குடுக்கும்.”

அடுத்த மாட்டிடம் போய் அதே குடையால் குத்தினாள். அது ஒரே உதை விட்டது. குடை வளைந்துபோனது. கொஞ்ச நேரம் மூச்சிரைத்துவிட்டு, பேசாமல் அசைபோட ஆரம்பித்தது. அத்தைக்கு அதைத்தான் பிடித்தது. குடையை ரிப்பேர் செய்யக் கும்பகோணம் வரை நான்தான் அலைந்தேன்.

இந்தச் சோதனை எப்போதும் சரியாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. என் அக்காவைப் பெண் பார்க்க மன்னார்குடியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். தாலுகா ஆபீசில் வேலை, பார்க்கவும் லட்சணம். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அத்தை சமையல்கட்டில் புகுந்து அவருடைய காபியில் மட்டும் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுக் கொடுத்தனுப்பினாள். அந்த மனிதர் ஒரு மடக்குக் குடித்தார், சிரித்தார், “காபி பிரமாதமா இருக்குங்க” என்று சொல்லி மிச்சத்தையும் குடித்து முடித்தார். அவர்கள் போனதும் அத்தை ஒரே பிடியாக நின்றாள், இந்த இடம் வேண்டாம் என்று. “உப்புக் காப்பிய நல்லாருக்குங்கிறவன் நாளைக்கு நம்ம பொண்ணு செய்ற எதத்தான் நெசமா நல்லாருக்குன்னு சொல்லுவான்? எப்புடி நம்பறது?” அம்மா அழுதாள். அத்தை அசையவில்லை. அந்த மாப்பிள்ளை பிறகு வேறிடத்தில் கல்யாணம் செய்துகொண்டு, பெரிய பதவிக்குப் போய், பேரன் பேத்தியோடு நன்றாகத்தான் இருக்கிறார். அக்கா இப்போதும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. நான் பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தபோது, சொந்தக்காரர்கள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்து, “இவனுக்கு எவன் வேல குடுப்பான்? மாட்டுக்குப் புல்லறுக்கச் சொன்னாலே ரெண்டு நாள் யோசிப்பான்” என்றாள். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்து போய்விட்டேன். மறுநாள் காலையில் ஒரு தூக்கு நிறைய அதிரசத்தோடு வந்தாள். “கோவம் வருதுல்ல? அது போதும். பொழச்சிக்குவ” என்றாள். அதிரசத்தைத் தின்றேன். கோபம் மட்டும் ஒரு வாரம் இருந்தது.

நிலத் தகராறு ஊருக்கு ஊர் மூண்டிருந்த வருஷங்கள் அவை. உழுகிறவன் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. பதிவாகிவிட்டால் பிறகு குத்தகைக்காரனை எழுப்ப முடியாது என்று, அதற்கு முன்பே எழுப்பிவிடப் பார்த்தார்கள் மிராசுகள். வரப்புகளில் செங்கொடி முளைத்தது. அத்தை தன் நிலத்தை உழுத காத்தமுத்துவின் வீட்டு வாசலுக்கே போய் நின்றாள்.

“நாளைக்கே நெலத்த வுட்டு எறங்குன்னா எறங்குவியா?”

“எறங்க மாட்டேன். எதுக்கு எறங்கணும்? எங்கப்பன் காலத்துலேருந்து உழுவுறோம். கோர்ட்டுக்குப் போவேன். கொடி நடுவேன். ஒங்களால ஆனதப் பாத்துக்குங்க!” காத்தமுத்து தெருவே கூடுகிற மாதிரி கத்தினார்.

அத்தை எல்லாவற்றையும் நின்று கேட்டாள். பிறகு, “சரி, பேரப் பதிஞ்சிக்க. குத்தகை நெல்ல மட்டும் காயவச்சி அள” என்று சொல்லிவிட்டு வந்தாள். கடைசிவரை அந்த நிலத்தில் ஒரு தகராறும் வரவில்லை. எங்கள் அப்பாவின் குத்தகைக்காரர் எதற்கெடுத்தாலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு “நீங்க சொன்னா சரிங்க” என்பவர். ஒருநாள் அப்பா எழுந்து போய்ப் பார்த்தால் வயலில் கொடி பறந்தது, பதிவேட்டில் பெயரும் ஏறியிருந்தது. அப்பா அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தார்.

உலகத்தையே சீண்டிய அத்தை ஒரே ஒரு ஆளை மட்டும் சீண்டியதில்லை. அது மலர்க்கொடி. எனக்கு முறைப்பெண்தான். அவளைக் கட்டாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டா என்று இன்றும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேலையில்லாத பி.ஏ.வுக்கு வருத்தப்படும் யோக்கியதைகூட அப்போது இல்லை. மலர் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. சாப்பிடு என்றால் சரிம்மா, படி என்றால் சரிம்மா. டீச்சர் டிரெயினிங் முடித்து, முத்துப்பேட்டைக்குத் தெற்கே அலையாத்திக் காட்டை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தபோதும் சரிம்மா என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். மறு வருஷம் அந்தக் குப்பத்தில் வேதையன் என்ற கடல்தொழில் செய்கிறவரை, ஐயர் இல்லாமல், கட்சிக்காரர் ஒருவர் மாலை எடுத்துக் கொடுக்க, சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டாள். எங்களுக்குச் செய்திதான் வந்தது.

மாமா இருந்திருந்தால் மேடை போட்டு நடத்தியிருப்பார். அப்பா அத்தையின் வீட்டு வாசலில் நின்று குதித்தார். அத்தை குதிக்கவில்லை. சாதிக்காக அவள் வருத்தப்பட்டதாகவும் எனக்குத் தெரியவில்லை. கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு மூட்டவில்லை.

“எங்கிட்ட ஒரு தடவயாவது சண்ட போட்டுருந்தா நானே சேத்து வச்சிருப்பேன்டா” என்றாள் என்னிடம். “சொல்றதுக்கே பயந்துருக்கு பாரு. பெத்தவகிட்ட.”

அவளாகப் போய்ப் பார்க்கவும் இல்லை. மகளும் வரவில்லை. இரண்டு வருஷம் அப்படியே ஓடியது.

முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து கருவாடு கொண்டுவரும் ஒரு பெண் சந்தைக்கு வருவாள். அந்தக் கார்த்திகையில் அவள்தான் அத்தையிடம் சொன்னாள். வேதையன் இன்னொருத்தர் படகில் கூலிக்குப் போயிருக்கிறார். வாடைக்காற்றில் வெளிக்கடலில் அலை பக்கவாட்டில் அடித்துப் படகு கவிழ்ந்துவிட்டது. கூடப் போன ஒருவர் வரவில்லை. இவர் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்து எப்படியோ கரை சேர்ந்திருக்கிறார்.

“ஒங்க மக இடுப்புல கைப்புள்ளய வச்சிக்கிட்டு கரயிலயே நின்னிச்சும்மா. அழுவவும் இல்ல, பேசவும் இல்ல. பாக்குறதுக்கே பயமா இருந்திச்சி.”

அத்தை கருவாட்டை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த வேகத்தில் காத்தமுத்துவைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் உழுத பங்கை அவருக்கே விலைக்கு எழுதிக் கொடுக்கிறேன், வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டாள். மாப்பிள்ளைக்குச் சொந்தப் படகு வாங்க வேண்டும். அதைத் தானே நேரில் போய்ப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அப்பா வந்து மல்லுக்கு நின்றார். “குத்தகைக்காரனுக்கே நெலத்த எழுதிக் குடுத்தா, நாளைக்கி என் குத்தகைக்காரன் என்ன கேப்பான்? ஊருக்குள்ள நான் தல காட்ட வேணாமா? படகாம் படகு! ஒனக்குக் கடல் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமா?”

“வடியிற தண்ணி போற பக்கம்” என்றாள் அத்தை. பத்திரம் பதிவானது. தன்னால் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “கூடப் போய்ட்டு வா. என்ன கூத்தடிக்கிறாளோ பாரு” என்றார். ஒற்றனாகத்தான் நான் அந்தப் பயணத்தில் சேர்ந்தேன்.

திருவாரூர், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை என்று பஸ் மாறி மாறிப் போய், கடைசியில் ஒரு மாட்டுவண்டியில் குப்பத்தில் இறங்கினோம். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே கீற்றுக் கொட்டகை வீடு. மலர் வெளியே வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். “வாங்க அத்தான்” என்று என்னைக் கூப்பிட்டாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை இல்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், பாய் விரித்தாள். பேச்சு மட்டும் என்னோடுதான். குழந்தையை வாங்க அத்தை கை நீட்டியபோது கொடுத்தாள். கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அத்தை குழந்தையின் தலையை முகர்ந்துகொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

வேதையன் கறுத்து மெலிந்த, கூச்சமான மனிதர். எங்கள் பக்கம் மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கமில்லை. அத்தை மற்ற விஷயங்களில் எப்படியோ, இதில் மட்டும் கறாராக இருந்தாள். மூன்றடி தூரத்தில் அவர் நின்றுகொண்டிருப்பார். அத்தை முகத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு, “கேளுடா, படகு எங்க கட்றாங்கன்னு” என்பாள். நான் கேட்பேன். அவர் எனக்குப் பதில் சொல்வார். அதை நான் மறுபடியும் அத்தைக்குச் சொல்ல வேண்டும். காதில் விழவில்லை என்று வேண்டுமென்றே இரண்டு தடவை கேட்பாள். இதற்காகவா பி.ஏ. படித்தோம் என்றிருந்தது.

கோரையாற்றின் கரையில் ஒரு புன்னை மரத்தடியில் ஆசாரி படகு கட்டிக்கொண்டிருந்தார். முடிகிற நிலையில் இரண்டு இருந்தன. ஒன்று அகலமாக, அடி தட்டையாக, பலகை வைத்த மாதிரி சமமாக உட்கார்ந்திருந்தது. இன்னொன்று ஒடுக்கம். அடி வளைந்து குழிந்து, நடுவில் ஏரா என்கிற நீளமான முதுகுமரம் துருத்திக்கொண்டு, முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்தியிருந்தார்கள். மலரும் குழந்தையோடு வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள்.

அத்தைக்குப் பார்த்த உடனே தட்டைப் படகு பிடித்துவிட்டது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மட்டம் என்றால் உயிர். பரம்படித்த வயலில் எல்லா மூலையிலும் தண்ணீர் ஒரே அளவாக நின்றுவிட்டால் பாதி விளைச்சல் வீடு வந்த மாதிரி. “இதப் பாருடா, என்னா மட்டம்!” என்று சொல்லிக்கொண்டே செருப்புக் காலோடு அதற்குள் ஏறிவிட்டாள்.

கரையில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பொம்பளை படகில் கால் வைக்கிற வழக்கம் அங்கே கிடையாது. வேதையனுக்கு முகம் செத்துவிட்டது.

“கடலம்மா கோவிச்சிக்கும்மா, எறங்குங்க” என்றார் ஒரு பெரியவர்.

“எங்கூர்ல பொம்பள கால் வச்சி நட்டாத்தான் பயிரே. காவேரி கோவிச்சிக்கலயே?”

ஆசாரிதான் சமாதானம் செய்தார். “பூச போடுற வரைக்கும் அது வெறும் மரந்தான், வுடுங்கப்பா. செருப்ப மட்டும் கழட்டிருங்கம்மா.”

பிறகு ஆசாரி இரண்டையும் பற்றிச் சொன்னார். காட்டுக்குள்ளே இருக்கிற பெரிய காயலை அவர்கள் உள்தண்ணி என்பார்கள். தட்டைப் படகு உள்தண்ணிக்கு. முழங்கால் ஆழத்திலும் போகும், சேற்றில் மாட்டாது, சரக்கு நிறையக் கொள்ளும். ஏரா வைத்தது வெளிக்கடலுக்கு. இடம் குறைவு, கரையேற்ற ஆள் வேண்டும், சும்மா கால் வைத்தாலே ஆடும்.

“ரெண்டும் நல்ல படகுதாம்மா. எந்தத் தண்ணிக்குப் போறோம்ங்கிறதுதான் கணக்கு” என்றார்.

“எனக்கு இந்தத் தட்டையே போதும்” என்றார் வேதையன் என்னிடம். “இனிமே வெளிக்கடலுக்குப் போறதா இல்ல. உள்தண்ணியிலயே எறா புடிச்சிப் பொழச்சிக்குவேன். மலருகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன்.”

மலரின் முகத்தில் ஒரு ஆறுதல் தெரிந்தது. வாங்கிக்கொண்டு கிளம்பினால் மூன்று பஸ் பிடித்து வீடு போய்ச் சேரலாம் என்று நானும் கணக்குப் போட்டேன்.

அத்தை படகிலிருந்து இறங்கினாள். “கேளுடா. எங்க வயல்ல ஐப்பசி கார்த்திகையில வடியிற வெள்ளமெல்லாம் எங்க வந்து வுழுவுதுன்னு.”

“இங்கதான்” என்றார் வேதையன்.

“அப்ப உள்தண்ணி உப்புக் கரிக்குமா, இனிச்சிப் போவுமான்னு கேளு.”

“இனிச்சிப் போயிரும்.”

“அப்ப எறா என்ன பண்ணும்?”

நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் தலை குனிந்தபடி, “வெளில போயிரும்” என்றார்.

அத்தை அப்போதுதான் வழக்கத்தை விட்டாள். சுவரைப் பார்க்க அங்கே சுவரும் இல்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். “அப்ப அந்த ரெண்டு மூணு மாசம் நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி? பொண்டாட்டி சம்பளத்துல சாப்புட்டுட்டு வூட்டுல புள்ளைக்கித் தொட்டில் ஆட்டுவீங்களா? ஒங்க ஜனம் பூரா வெளிக்கடலுக்குப் போவும். நீங்க மட்டும் கரயில ஒக்காந்து வல பின்னுவீங்க. நல்ல ஆம்பள.”

“அத்த, வாங்க போவலாம்” என்று கையைப் பிடித்தேன். உதறினாள்.

“சொல்லுங்க தம்பி. ஆட்டுவீங்களா?”

“போவேன்!” என்று வெடித்தார் வேதையன். “மீனு இல்லன்னா போவேன்! கெடச்ச படகுல போவேன். எங்கப்பன் போனான், நானும் போவேன். கடல் காத்து அடிக்கிதுன்னு நான் வூட்டுல ஒக்காருவனா? யாரப் பாத்து என்ன கேக்குறீங்க?”

சொல்லி முடித்த பிறகுதான் மலர் நிற்பது அவருக்கு ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தார். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள்.

“சரி” என்றாள் அத்தை தணிந்த குரலில். “அப்ப போறவருக்குத் தக்கன படகப் பாப்போம்.”

அன்று சாயங்காலம் வேதையன் என்னிடம் வந்து, “ஒங்க அத்த என் குடும்பத்தக் கெடுக்கத்தான் வந்துச்சா?” என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பெண் ஒரு பொய்ச் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டாவது நிம்மதியாக இருந்தாள். அதையும் பிடுங்கிப் போட்டுவிட்டாளே என்று அத்தை மேல் எனக்கு ஆத்திரம்.

மறுநாள் காலையில் இரண்டு படகையும் ஆற்றில் இறக்கச் சொன்னாள் அத்தை. ஒழுகல் பார்க்க எப்படியும் இறக்கத்தான் வேண்டும் என்பதால் ஆசாரி ஒப்புக்கொண்டார். முதலில் தட்டைப் படகின் ஒரே பக்க விளிம்பில் ஆட்களை ஒவ்வொருவராக ஏறி நிற்கச் சொன்னாள். அசையவில்லை. இன்னொருவர் ஏறினார். அப்போதும் அசையவில்லை. கடைசியாக ஒருவர் ஏறியதும் முன்னறிவிப்பே இல்லாமல் படக்கென்று குப்புறக் கவிழ்ந்தது. எல்லாரும் சேற்றில் விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வேதையனும் சிரிக்கவில்லை.

ஏரா வைத்த படகுக்கு அடிப்பாரமாகக் கல் போட்டார்கள். “நான் உள்ள ஒக்காந்துக்கிறேன். ஆட்டுங்க” என்றாள் அத்தை. நீச்சல் தெரியாதவள். வாய்க்கால் படியைப் பிடித்துக்கொண்டு குளிக்கிறவள். நானும் ஆசாரியும் சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. ஏறி நடுப்பலகையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். கரையில் நின்ற பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஆட்கள் விளிம்பில் தொங்கி ஆட்டினார்கள். அவர்கள் பிடித்ததுமே சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. தண்ணீர் விளிம்பைத் தொட்டு உள்ளே தெறித்தது. அத்தையின் உதடு என்னவோ முணுமுணுத்தது. சாமி இல்லை என்று மாமா இத்தனை வருஷம் சொல்லியும் அந்த நேரத்தில் பயனில்லை. படகு அங்கேயே ஒரு நொடி நின்று, முனகிக்கொண்டு நிமிர்ந்தது. “இன்னும்” என்றாள். மறுபடியும் சாய்த்தார்கள்.

அப்போதுதான் கரை மேட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மலர். இடுப்பில் குழந்தை. தலை அவிழ்ந்து கிடந்தது.

“எறங்கும்மா! எறங்கு! ஒனக்கு என்ன பைத்தியமா? தண்ணியில வுழுந்து செத்துத் தொலையலாம்னு வந்தியா?”

அப்படி ஒரு குரல் அவளுக்குள் இருந்தது யாருக்கும் தெரியாது. ஆட்கள் கையை எடுத்துவிட்டார்கள். குழந்தை பயந்து அழுதது. அவள் அதை என் கையில் திணித்துவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்தாள்.

“எறங்குன்னு சொல்றேன்ல!”

“நீ ஏறு” என்றாள் அத்தை.

“மாட்டேன்.”

“ஏறி ஒக்காந்து பாரு மலரு. நான் சொன்னா நம்ப மாட்ட. ஒம் புருஷன் சொன்னாலும் நம்ப மாட்ட. நீயே பாரு.”

மலர் ஏறினாள். அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அத்தை ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தாள். படகு சாய்ந்தது. மலர் வீரிட்டபடி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை எடுக்காமலேயே திட்ட ஆரம்பித்தாள். ஏன் இரண்டு வருஷம் வரவில்லை, பிரசவத்துக்கு ஒரு நாதியில்லாமல் கிடந்தேனே தெரியுமா, சொன்னால் என்ன சொல்வாயோ என்று பயந்துதானே சொல்லவில்லை, பயப்படாதே என்று நீ ஒருநாள் சொல்லியிருக்கிறாயா, இப்போது வந்து இருந்த நிம்மதியையும் கெடுத்தாயே, அந்த மனுஷன் கடலுக்குப் போனால் நான் என்னம்மா செய்வேன். படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தது. அத்தை ஒரு வார்த்தைக்கும் பதில் சொல்லவில்லை. கண்ணீர் தாடையில் வழிந்துகொண்டிருந்தது. ஆட்கள் தயங்கியபோது மட்டும், “நிறுத்தாதீங்க” என்றாள்.

திட்டு தீர்ந்தபோது மலர் மூச்சிரைத்தாள். படகும் ஆடி ஓய்ந்தது. அவள் விளிம்பைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், பலகை இடுக்குகளில் விரலை வைத்துப் பார்த்தாள். கடைசியில் கரையில் நின்ற புருஷனைப் பார்த்தாள்.

“இதயே எடுங்க” என்றாள். “போனா வந்துரணும்.”

அவர் தலையாட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் கையில் அழுகிற குழந்தை இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

அந்தப் படகுக்குக் குப்பத்தில் நன்னிலத்தம்மா படகு என்றே பெயர் நின்றுவிட்டது. எத்தனையோ வாடைக் காலத்தில் வேதையன் அதில் வெளிக்கடலுக்குப் போனார், வந்தார். மலர் தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றாள். இருவரும் இன்றும் இருக்கிறார்கள். அத்தைதான் இல்லை. ஊரில் அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் கடலே பார்க்காதவள் கடலுக்குத் தக்க படகைக் கண்டுபிடித்த கதையைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என்னிடம் பேசியதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

திருத்துறைப்பூண்டி தாண்டியிருக்கும். நடவு முடிந்த வயல்கள் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தன. காத்தமுத்துவுக்கு எழுதிக் கொடுத்த வயலும் இந்நேரம் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை.

“அத்த, நெசமாவே அது நல்ல படகா? எந்தக் காத்துலயும் கவுறாதா?” என்று கேட்டேன்.

“எனக்கு என்னடா தெரியும்? ஆத்துல நாலு பேரு ஆட்டுறதும் கடலும் ஒண்ணா?”

“பின்ன மலருகிட்ட அவ்வளவு தைரியமா…”

“அவ கண்ணால பாத்துட்டாடா. சாயிது, ஆனா நிமிருதுன்னு பாத்துட்டா. இனிமே அவரு கடலுக்குப் போற அன்னிக்கி அவ தூங்குவா.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எனக்குத்தான் இனிமே தூக்கம் கெடயாது.”